விமானத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பிழை இருக்கும். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லியிருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தார். திருத்தணியிலிருந்து தினம் ரயிலில் போய் வருவார். எங்கள் மகள் பத்தாவது படித்தபோது, ஒருநாள் சாயங்காலம் போர்வையில் சுற்றி ஒரு விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரிமோட்டில் பறக்கிற சண்டை விமானம். பொம்மைதான், ஆனால் பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இறக்கையைப் பூட்டினால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஐந்தடிக்கு மேல். மூக்கில் கைப்பிடிக்குள் அடங்குகிற நிஜ இன்ஜின். அதிலிருந்து விளக்கெண்ணெய் வாசனை வரும். அதற்கு ஊற்றுகிற எண்ணெயில் விளக்கெண்ணெயும் கலந்திருக்குமாம்.

அரக்கோணத்து விமான தளத்தில் வேலை முடிந்து வடக்கே ஊருக்குப் போன ஒருவர் அதை விற்றார். பழைய சாமான்தான். அதற்கு என் இரண்டு வளையல்கள் போயின, என் அம்மா போட்டது. அவர் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. விமானம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

“இது ஸ்பிட்ஃபையர். கம்பெனில செஞ்ச ஒரிஜினல். ஜில்லாவுலயே இன்னொண்ணு கெடையாது. வெல ஏறிக்கினே போவும் பாரு,” என்றார். நான் பார்த்தேன். பச்சையும் காவியும் அடித்து, இறக்கையில் வட்ட வட்டமாகக் குறி ஒட்டியிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

ஏரி வற்றியிருந்த மாதத்தில் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். தெருவே வந்து நின்றது. கனகம்மாசத்திரத்திலிருந்து என் அண்ணனும் வந்திருந்தான். விமானம் மேலே போய் ஒரு வட்டம் அடித்ததும் அண்ணன் கைதட்டி, “டேய் பாருங்கடா, என் தங்கச்சி வளையல் வானத்துல சுத்திக்கினு கீது!” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இறங்கின பிறகு அண்ணன் விடவில்லை. “இன்னா மாப்ளே, அந்த வடநாட்டுக்காரன் மொளகா அரச்சிட்டான் போல உன் தலையில? மரப்பொம்மைக்கு நாலு பவுனா?” என்றான். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அவருக்கு ‘வளையல் பைலட்’ என்று பேர். கல்யாணத்தில், சாவில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் அப்படிக் கூப்பிடுவார். “பைலட் சார், வண்டி நல்லா கீதா?” என்பார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

நான் ஒரு வார்த்தை பதில் பேசினதில்லை. அவர் ஏமாந்தாரா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும். வளையல் திரும்ப வேண்டாம்.

முழங்கால் வலி வந்த பிறகு அவர் ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். விமானத்தைப் பீரோவுக்கு மேலே இரண்டு ஆணியில் கயிறு கட்டி மாட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முதல் நாள், நான் அதை இறக்குவேன். அவருடைய ஸ்பேனர், கட்டிங் பிளேயர், என் அரிவாள்மனை, தையல் மிஷின் எல்லாவற்றையும் கழுவுகிற நாள் அது. விமானத்தைத் தண்ணீரில் போட முடியாது. இன்ஜினிலிருந்து கசிந்து காய்ந்த எண்ணெய் வயிற்றெல்லாம் பிசுக்காக ஒட்டியிருக்கும். மோட்டாரை எப்படித் துடைப்பார் என்று பார்த்திருக்கிறேன். அதேபோல மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடைப்பேன். பிறகு சீயக்காய் தொட்டு ஒருமுறை. பிறகு மூக்கிலும் இரண்டு இறக்கையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பேன். வாலில் மூன்று கோடாக விபூதி. சக்கரத்துக்குக் கீழே இரண்டு சின்ன எலுமிச்சம்பழம் வைத்து, கையாலேயே உருட்டி நசுக்குவேன். அவர் பார்த்துச் சிரிப்பார். “எந்த ஊர் சண்டைக்கு அனுப்பப்போறடி?” என்பார்.

என் வளையல் அது. அப்படி நினைத்துத்தான் தேய்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வாடகை வீட்டில் நான் ஒருத்தி எதற்கு என்று மகள் பள்ளிப்பட்டுக்குக் கூப்பிடுகிறாள். அவள் வீட்டில் ஒரே கூடம், அதிலும் பாதி தறி. விமானத்துக்கு அங்கே இடம் இல்லை. கொடுத்துவிடலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். கொடுப்பதற்கு முன்னால் அது என்ன, என்ன விலை பெறும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

மகள் எங்கெங்கோ விசாரித்து அரக்கோணத்திலிருந்து ஒரு பாயை வரவழைத்தாள். மிக்சி, மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மணவூர்ப் பக்கம் வெட்டவெளியில் இதுபோன்ற விமானங்களை விடுகிறவர். நாற்பது வயது இருக்கும். வந்ததும் விமானத்தைக் கையில் வாங்கவில்லை. முதலில் தள்ளி நின்று பார்த்தார்.

“ஸ்பிட்ஃபையர்தாம்மா. அதுல சந்தேகம் இல்ல. றெக்கய பாருங்க, மாவெல மாதிரி வளஞ்சி போவுது. வேற எதுக்கும் இப்படி இருக்காது. காலு பாருங்க, உள்ள குறுகி வெளிய விரிஞ்சி நிக்குது.”

என் வீட்டுக்காரர் சொன்ன பேர் சரியாக இருந்தது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

பாய் கட்டிலில் போர்வையை விரித்து விமானத்தை மல்லாத்தினார். இரண்டு போல்ட்டைக் கழற்றி இறக்கையை எடுத்து, போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். டேப்பால் அளந்தார். விரலால் தட்டிச் சத்தம் கேட்டார். இன்ஜினின் காற்றாடியைச் சுற்றினார், அசையவில்லை. “எண்ணெ காஞ்சி இறுகிப்போச்சு. கழட்டி ஊறவச்சா வரும்.” ரிமோட் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்து செட்டு இல்லம்மா இது, இதுக்கு ஒண்ணும் வராது,” என்று ஓரமாக வைத்தார். பிறகு வயிற்றுப் பக்கம் ஒரே இடத்தை ரொம்ப நேரம் விரலால் தடவினார்.

“இத எதால தொடச்சீங்க?”

“மண்ணெண்ணெய்ங்க.”

“எத்தினி வாட்டி?”

“வருஷா வருஷம்.”

மகள் சிரித்தாள். “அம்மா சும்மா இருக்காதுங்கண்ணா. டிவிக்கே விபூதி பூசுனது. உள்ள போயி படம் வராம, நைனா ஒரு வாரம் திட்டினாரு.”

பாய் சிரிக்கவில்லை. “இங்க வாங்கம்மா. பாருங்க, சதுரமா ஒரு எடம் மட்டும் வெளுத்து கீது. இங்க ஒரு சீட்டு ஒட்டியிருந்துது. கம்பெனி முத்திரயும் நம்பரும் இருக்கும் அதுல.”

இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு முனை பிரிந்து, எண்ணெய் ஏறிக் கறுத்து, அசிங்கமாக இருந்தது. இரண்டு மூன்று வருஷம் துடைத்தும் போகவில்லை. ஒரு வருஷம் தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்தேன்.

பாய் மெதுவாக எடுத்துச் சொன்னார். இந்த மாதிரி இரண்டு வகை உண்டாம். ஒன்று வெளிநாட்டுக் கம்பெனி நம்பர் போட்டு விற்றது. அதற்கு இன்றைக்கும் கேட்ட விலை கொடுக்க ஆள் உண்டு. இன்னொன்று, அதே வரைபடத்தை வைத்துக் கை தேர்ந்தவர்கள் வீட்டில் செய்தது. அதே அளவு, அதே கட்டை. அதற்கு இன்ஜின் காசுதான் வரும். சீட்டு இருந்தால் இது எது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அட்டைப்பெட்டியோ ரசீதோ இருந்தாலும் சொல்லலாம். எங்களிடம் ஒன்றும் இல்லை.

“அவரு ஏமாந்துட்டாருங்களா?” என்று கேட்டேன். வெளி ஆள் ஒருவரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“தெரியலம்மா.”

“உங்களுக்குத் தோணறதச் சொல்லுங்க பாய்.”

“நல்லா செஞ்ச சாமான். அத சத்தியமா சொல்றேன். யாரு செஞ்சதுன்னு மட்டும் கேக்காதீங்க. இன்னிக்கி உங்க மனசுக்காவ நான் ஒரிஜினல்னு சொல்லிட்டுப் போயிடுவேன். நாளைக்கு வாங்குனவன் வந்து உங்க வாசல்ல நின்னா?”

டீ குடித்தார். வந்து போன செலவைக் கொடுத்தேன், வாங்கவில்லை. அந்தச் சீட்டில் என்ன இருந்தது என்று ஞாபகம் வந்தால் சொல்லச் சொன்னார்.

அவர் போன பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. வந்திருக்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுவதற்கு முந்தின மாதம், யாரோ வாங்க விசாரிக்கிறார்கள் என்று விமானத்தை இறக்கி மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். அந்த இடத்தைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். விரிசல் ஏதோ விட்டிருக்கிறது போல என்று நினைத்து நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது விமானம் மேலே மாட்டியிருந்தது. “விக்கலையா?” என்று கேட்டேன். “வேணாம் விடு,” என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணன் இன்னமும் இருக்கிறான். அடுத்த விசேஷத்தில் பைலட் பேச்சு எடுப்பான். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். சாட்சியை நானே சுரண்டிக் குப்பையில் போட்டேன்.

அடுத்த வாரம் மருமகன் டெம்போ கொண்டு வருகிறார். அதற்குள் அந்தச் சீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து பார்க்கிறேன். மூன்று தடவை வரைந்தேன், மூன்றும் வேறு வேறாக வந்தது. இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். நீல வட்டம், அதற்குள் இறக்கை விரித்த மாதிரி ஏதோ ஒன்று. கீழே ஒரு வரி எழுத்து, முதல் எழுத்து தமிழ் ‘ட’வைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். அதற்கும் கீழே நாலு எண். கடைசி எண் ஏழு, இல்லையென்றால் ஒன்று. வட்டம் நீலம்தானா, பச்சையா என்பதும் இப்போது நிச்சயமில்லை. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அறுபத்து மூன்று அங்குலம் என்று பாய் அளந்து சொன்னார். அதை மட்டும் அப்போதே காலண்டரில் எழுதிவைத்தேன், அது சரி.

இப்படி ஒரு சீட்டு ஒட்டி எந்தக் கம்பெனியாவது விமானம் விற்றதா என்று தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.