பச்சை மேலே

ஆஞ்சப்பன் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே கூரை வேயப் போனபோதுதான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் பயிரும்.

சூளகிரிப் பக்கம், கரட்டடியில் ஒரு புறம்போக்கு நிலம். கூலி வேலை முடிந்து வந்த பிறகு அவனும் மனைவி மாரம்மாவும் அதில் கல் பொறுக்கினார்கள். பல வருஷம் பொறுக்கி, ராகி விதைக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1956 சுதந்திர தினத்தன்று, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிய கையோடு அதற்குப் பட்டா தருவதாகத் தாசில்தார் சொல்லியிருந்தார்.

அந்த நிலத்தின்மேல் கோவிந்தப்பனுக்கும் ஒரு கண். ஊரில் பாதி நிலம் அவருடையது. மீதிப் பாதி பிறத்தியாரிடம் இருக்கிறதே என்று வயிறெரிகிற ஜென்மம்.

அன்று காலையில் அவரே ஆஞ்சப்பனைக் கூப்பிட்டார். “பட்டா வாங்கப் போறவன் நீ. கொடிய நீயே கட்டுடா.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குளித்துவிட்டு வந்து துணியை விரித்தான். “எது மேல வரணும் சாமி?”

“வெள்ளாம பண்றவன், உனக்குத் தெரியாததா?”

ஆஞ்சப்பன் யோசித்தான். சிவந்தது மண், அது கீழே. பச்சை பயிர், அது மேலே. நடுவிலிருந்த வெள்ளை நெல்லுச்சோறு. சக்கரம் அறுப்பை ஏற்றிப்போகும் வண்டி. சந்தோஷமாக முடிச்சுப் போட்டு, உள்ளே பூவும் வைத்தான். கோவிந்தப்பன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தாசில்தார் கயிற்றை இழுத்தார். பூ உதிர்ந்தது, கொடி தலைகீழாக விரிந்தது.

“எவன்டா கட்டினது?”

கோவிந்தப்பன் முந்திக்கொண்டார். “இவன்தாங்க. தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், காவிதான் மேலன்னு. திமிரு, கேக்கல.”

“நான் கேட்டன் சாமி, இவருதான்...” அதற்குள் தாசில்தாரோடு வந்த சேவகன் அவனை அறைந்தான். ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

கொடியைத் திருப்பிக் கட்டினார்கள். அவனை வெயிலில் முட்டி போடவைத்துவிட்டு, கோவிந்தப்பன் சொற்பொழிவாற்றினார். காவி தியாகமாம், வெள்ளை சத்தியமாம், பச்சை செழிப்பாம், சக்கரம் தர்மமாம். சத்தியம் என்று சொல்லும்போது அவர் நாக்கு அழுகவில்லை. ஊர் கைதட்டியது.

“கொடிய மதிக்காதவனுக்கு நிலம் எதுக்கு?” என்று தாசில்தார் பட்டாவைத் திரும்ப எடுத்துப் போனார். அடுத்த விதைப்புக்கு நிலம் கோவிந்தப்பன் கைக்குப் போய்விட்டது. அதே நிலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்கு இறங்கினார்கள். வேறு எங்கே போவார்கள்?

அறுப்பின்போது மாரம்மா ஒரு பிடி ராகிக் கதிரை மடியில் கட்டியிருந்தாள். கோவிந்தப்பன் பார்த்துவிட்டார்.

“உன் பொண்டாட்டிய நீயே அடி. இல்லாட்டி நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் வேல கிடையாது.”

ஆஞ்சப்பன் அடித்தான். அவள் அழவில்லை. “நம்ம மண்ணுதானே?” என்று கேட்டாள்.

அதற்கும் சேர்த்து அடித்தான்.