பெயர் வைக்காத சாமி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த நாளில், காடு வெட்டும் ஆட்களில் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, விரல் நுனிகளில் எப்போதும் மஞ்சள் கறை. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிறுகளில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக் காட்டுக்குள் போய்விடுவார்.

மறுநாள் வெட்டவேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட ஒரு ஞாயிறு நானும் போனேன். பனிமூட்டத்தில் காடே மிதப்பதுபோல் இருந்தது. இருப்பதிலேயே பெரிய மரத்தடியில் அவர்கள் கல்லொன்றை நட்டு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். சாமி இருக்கும் மரத்தில் எங்கள் ஆட்கள் கோடாலி வைக்கமாட்டார்கள், தோட்டத்துத் துரையும் வற்புறுத்தமாட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“போன வாரம் இங்க கல்லே இல்லையே. இது எந்தச் சாமி?” என்றேன்.

அவர் மேலே காட்டினார். மண்ணால் அடைத்த மரப்பொந்தின் இடுக்கில் ஓர் அலகு மட்டும் தெரிந்தது. ஆண் இருவாச்சி அதற்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தது.

“உள்ள தாயும் குஞ்சும் இருக்குங்க. சாமிக்கு இன்னும் பேரு வைக்கலைங்கய்யா. மொதல்ல மரம் நிக்கட்டும்.”

குறி போடாமல் திரும்பினேன்.

அவர் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாரோ, தெரியாது. அந்த மரத்தடிக்குப் போனால் இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறேன். யாரை என்றுதான் எனக்கே தெரியவில்லை.