சாய்தளத்துக்குத் திருஷ்டி

இன்று அண்ணனின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் புதுப்பிக்க அவனோடு விழுப்புரம் போயிருந்தேன். அட்டை வழங்கும் அலுவலகத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று புதிதாகச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருடமாக அந்தப் படிகளில் அவனை ஆள் பிடித்துத்தான் தூக்கியிருக்கிறோம்.

சாய்தளத்தின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது.

"இன்னும் ஓப்பன் பண்ணலங்க. தலைவரு வந்துகினு இருக்காரு" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர்.

"எங்கள மாரி ஆளுங்களுக்குத்தானங்க கட்டினீங்க?" என்றான் அண்ணன்.

"உங்களுக்குத்தாங்க. ஆனா மொதல்ல அவரு ஏறணும்ல."

மறுபடியும் படிதான். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். அண்ணனின் வேட்டி விலகியது. கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவான் என்பதால் அவனால் இழுத்து மூட முடியவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது.

தலைவர் வந்தார். ரிப்பனை வெட்டி, திடமான இரண்டு கால்களால் சாய்தளத்தில் ஏறினார். கைதட்டினார்கள். அண்ணனை அவர் பக்கத்தில் தள்ளி நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்க" என்று போட்டோ எடுத்தார்கள்.

வேலை முடிந்து வெளியே வந்தால், சாய்தளத்தின் மேல் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குங்குமமும் சதையுமாக ஒரே சொதசொதப்பு.

"சக்கரம் வழுக்கும்ங்க, தூக்கிடலாம்" என்றார் அதே வெள்ளைச் சட்டைக்காரர்.

இந்த முறை அண்ணன் வேட்டியை முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

"சக்கரமே ஏறாத வழிக்கு எவன் கண்ணு படப் போவுதாம்?" என்று என்னிடம் கேட்டான்.

கண் வைத்தவர்கள் யாராவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.