றோசலின் உட்கார நினைத்த ஞாயிறு

றோசலின் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. சோற்றைக்கூட அடுப்படியில் நின்றபடிதான் அள்ளிப் போட்டுக்கொள்வாள். "கொஞ்சம் குந்தித்தான் தின்னேன்டி, யாரு ஒன்னய வெரட்டுறா?" என்று கத்துவேன். "குந்துனா எந்திரிக்க மாட்டேன் சவரியக்கா" என்பாள். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கூலி வேலை. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கும் என்னுடையதற்கும் நடுவே ஒரே சுவர். விடியுமுன் பீலிக் குழாயில் தண்ணீர், ரொட்டி தட்டல், பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓட்டம், நாள் முழுக்க மலையில் கொழுந்து, திரும்பி வந்தால் மறுபடி தண்ணீர், அம்மி, அடுப்பு. எல்லாம் எனக்குக் கேட்கும்.

புருஷன் றோலண்டுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் வரும்போது இவள் புறப்பட்டிருப்பாள். இவள் வரும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். வாசற்படியில் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். குடும்பமாம் குடும்பம்!

ஒரே மகள் மார்கிரட். அந்த ஐம்பத்தேழாம் வருஷம் அவளுக்குப் பதின்மூன்று வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள், அதற்கு மேல் அங்கே வகுப்பில்லை. மாதத்துக்கு ஒரு முறை பூசை வைக்க வரும் சாமியார், "டவுன்ல கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கட்டும், தகப்பனுடைய சம்மதத்தோடு கூட்டி வாங்க" என்று சொல்லியிருந்தார். தகப்பனோ அது தெரியாமல், மகளையும் கொழுந்துக்குப் பேர் பதியச் சொல்லிக் கங்காணி சின்னராசாவிடம் பேசி வைத்திருந்தான். பேர் பதிந்துவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்த கதைதான்.

அந்த மாதப் பூசையில் சாமியார், ஞாயிற்றுக்கிழமை வேலைகளையெல்லாம் தூக்கி வைத்துவிட்டுப் புருஷன் பெண்சாதி பிள்ளைகளாக ஒன்றாய் உட்காருங்கள், செபம் சொல்லுங்கள், பேசுங்கள், ஆண்டவர் அந்த இடத்தில் இருப்பார் என்று பிரசங்கம் செய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. றோசலினுக்கும்தான். பூசை முடிந்ததும் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"சாமி, ஒங்க வீட்டுக்கு வெறகு யாரு கொண்டாந்து போடுறா?"

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். சாமியார் கோபப்படவில்லை. "ஒரே ஒரு ஞாயிறு உட்கார்ந்து பாருங்கம்மா" என்றார்.

லயத்துக்குக் கிட்ட வந்ததும் றோசலின் சொன்னாள். "அவரு முழிச்சிருந்து, நானும் வீட்டுல இருக்கிறது ஞாயித்துக்கெழம ஒண்ணுதான்க்கா. அடுத்த ஞாயிறு மூணு பேரும் ஒக்காரப் போறோம். மார்கிரட் விசயத்தப் பேசி முடிச்சிர்றேன். மாதா மேல சத்தியம்."

அந்த ஞாயிறும் வந்தது. நான்தான் கெடுத்தேன். இதை மறைக்கப் போவதில்லை.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் போடும் கிளைகளை நாங்கள் மிலாறு என்போம். எங்கள் அடுப்புக்கு அதை விட்டால் விறகில்லை. ஒரு மலை வெட்டி முடிந்தால் அடுத்து வரும் ஞாயிறுதான் பொறுக்க விடுவார்கள்; பத்து மணிக்குப் போனால் குச்சிகூட மிஞ்சாது. மழைக்காலம் தலைக்கு மேல் நின்றது. ஏழாம் நம்பர் மலையை வெட்டி முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் கதவைத் தட்டினேன்.

"வாடி, எல்லாரும் போயிட்டாளுக!"

றோலண்டு இரவு வேலை முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருந்தான். றோசலின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்தாள், மூலையில் கிடந்த நாலு குச்சியைப் பார்த்தாள். "அவரு முழிக்கிறதுக்குள்ள ஒரு கட்டு கொண்டாந்திர்றேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மகளிடம், "அப்பா எந்திரிச்சா தேத்தண்ணி ஊத்திக் குடு. பள்ளிக்கூடத்தப் பத்தி ஒரு வார்த்த பேசிராத. நான் வந்து பக்குவமாச் சொல்றேன். கேட்டியா?" என்றாள். அந்தப் பிள்ளை தலையாட்டியது.

ஒரு கட்டோடு திரும்பினாளா? அவ்வளவு மிலாறு கிடக்கும்போது யாருக்குத்தான் மனசு வரும்? கட்டின கட்டை ரோட்டோரம் போட்டுவிட்டு மறுபடி ஏறினோம். "இன்னொண்ணுடி" என்று நான்தான் சொன்னேன். லயத்துக்கு வந்து சேர மத்தியானம் திரும்பிவிட்டது.

றோலண்டு வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். "சின்னராசா வந்துட்டுப் போனாரு. மார்கிரட் பேரக் குடுத்துட்டேன். நாளைக்குப் பெரட்டுக்கு வரச் சொன்னாரு" என்றான், நல்ல சேதி சொல்பவன்போல.

றோசலின் கட்டைத் தலையிலிருந்து இறக்கவேயில்லை. "நீ ஒண்ணும் சொல்லலியாடி?" என்றாள் மகளைப் பார்த்து.

"நீங்கதானம்மா பேசக் கூடாதுன்னீங்க" என்றது பிள்ளை.

பிறகுதான் எல்லாம் கொட்டினாள், சாமியார் சொன்னது, பள்ளிக்கூடம், எல்லாம். நல்லவன்தான் றோலண்டு, பாவம். "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா குடுத்திருப்பேனா?" என்றான்.

"எப்பங்க சொல்ல? வாசப்படியிலயா?"

இரண்டு பேருமாகக் கங்காணி வீட்டுக்கு ஓடினார்கள். நானும் பின்னாலேயே போனேன். சின்னராசா கையை விரித்துவிட்டார். "பேரு தோட்டத்துத் தொரைக்குப் போயிருச்சு. இப்ப இல்லேன்னா என் தலைதான் உருளும். ஒங்களுக்குக் காம்பரா வேணுமா, வேணாமா?"

திரும்பி வந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மிச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காலம் முழுக்க எரிக்கிற அளவு மிலாறு என் வாசலில் கிடந்தது, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். றோசலினுக்கு அடுத்து, "றோலண்டு மகள் மார்கிரட்" என்றார். கொழுந்துக்குப் போகையில் கட்டும் அம்மாவின் பழைய படங்குச் சாக்கு இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்க, அந்தப் பிள்ளை கையை உயர்த்தி, "உள்ளேன் ஐயா!" என்றது, வகுப்பில் வாத்தியாருக்குச் சொல்கிற மாதிரி.

பெரட்டே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், பாவி.

றோசலின் மகளின் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினாள். "இங்க அப்புடிச் சொல்ல வேணாம்மா" என்றாள். "இருக்கேன்னு சொன்னாப் போதும்."