ரிடன்டன்ட்

நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்தும் குமாஸ்தாவுக்கு டிக்‌ஷனரி என்று பட்டப்பெயர். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. ஒரு சொல்லைப் பற்றி யாராவது வாயைக் கொடுத்தால் போச்சு, அதன் பாட்டன் பூட்டன் வரை இழுத்து வந்துவிடுவார். அந்தச் சொல் இன்றைக்கு என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டால் மட்டும் சலித்துக்கொள்வார்.

அவருடைய அக்காள் வீட்டுக்காரர் நூற்பாலையில் கொதிகலன் பார்ப்பவர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு மதியம் எண்ணெய்ச் சட்டையோடு நூலகத்துக்கே வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். இங்கிலீஷில் மூன்றே வரி. ஆலையைத் திருத்தி அமைக்கிறோம். உங்கள் பதவி 'ரிடன்டன்ட்' ஆகிறது. மறுப்பு இருந்தால் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கவும், இல்லையேல் கையெழுத்திடவும்.

"என்ன மச்சான் சொல்றாங்க?"

டிக்‌ஷனரி தடித்த அகராதியைப் புரட்டினார். கண் நேரே சொல்லின் பிறப்புக்குத்தான் போனது. லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அலை பொங்கி வழிவதிலிருந்து வந்த சொல். ஏராளம் என்று பொருள்படும் 'அபன்டன்ட்'டும் இதே வயிற்றுப் பிள்ளைதான். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க வேலை பொங்கி வழியுதாம் மாமா! ஆலையைப் பெருசாக்கறாங்க. இதுல மறுக்க என்ன இருக்கு?"

மாமா அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அதே கடிதம் வாங்கிய ஐந்து பேர் விவரம் கேட்டு மறுப்பு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேறு பிரிவில் இடம் கிடைத்தது. பதினோராம் நாள் மாமாவை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

டிக்‌ஷனரி அடித்துப் பிடித்துக்கொண்டு ஆலை அலுவலகத்துக்கு ஓடினார். அவர் சொன்ன அலைக் கதையை மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பொங்குறது சரிதான் சார். ஆனா வழிஞ்சது யாருக்கு வேணும்? தேவைக்கு மிஞ்சின ஆள்னு அர்த்தம். கெடு முடிஞ்சுபோச்சு, இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லை."

திரும்பி வந்து அகராதியைத் திறந்தார். அதே பக்கத்தில், பிறப்புக்கு இரண்டு வரி மேலே, அதே அர்த்தம் போட்டிருந்தது. அதைத்தான் அவர் தாண்டிப் போயிருக்கிறார். செத்துப்போகலாம் போல இருந்தது.

அக்காள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அக்காள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாமா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"விடு மச்சான். வேற ஆலைக்கு மனு போடணும். நீயே இங்கிலீஷ்ல எழுதிக் கொடு. நமக்கு வேற யாரு இருக்கா?"

டிக்‌ஷனரி பேனாவைத் திறந்தார்.

"வயசு எவ்வளவுன்னு போடட்டும் மாமா?"

"உள்ளதைப் போடு. ஐம்பத்தாறு."