நீலப் பசை

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கூடம் தையற்கடை மாதிரி ஆகிவிடும். பழுப்புத் தாள், கத்தரிக்கோல், வருஷம் முழுக்கச் சேர்த்த படங்கள். துணிக்கடைக் காலண்டர், சோப்பு உறை, தீப்பெட்டிப் படம் எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. மூத்தவனுக்கு அப்போது ஒன்பது வயது. எல்லா நோட்டுக்கும் புலிதான் வேண்டும் அவனுக்கு. இருப்பது ஒரே புலி என்றால், "தலை கணக்கு நோட்டுக்கு, வால் தமிழ் நோட்டுக்கு" என்பான். சின்னவளுக்கு ஐந்து முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறவளுக்கு இருந்தது இரண்டே நோட்டு. இரண்டிலும் எதை ஒட்டுவது என்று ஒரு வாரமாக முடிவு செய்யாமல் இருந்தாள்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் கரப்பான்கள் மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு அட்டைகளை ஓரமெல்லாம் அரித்துவிட்டன. நோட்டைப் பார்த்துவிட்டு வாத்தியார் பையனைப் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டார். அவன் அன்று மாலையே மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. கோயிலில் கைங்கரியம் செய்யும் என் கணவர், புத்தகம் கட்டுகிற ஒருவரிடம் வழி கேட்டுவந்தார். பசை காய்ச்சும்போது மயில்துத்தம் என்கிற நீலக் கல்லை ஒரு சிட்டிகை பொடித்துப் போட்டால் பூச்சி அண்டாதாம். விஷமாம், குழந்தைகள் இருக்கிற வீடு, பார்த்துச் செய்யவேண்டுமாம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். துத்தம் விஷம் என்று எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு சிட்டிகை போதுமா என்று சந்தேகம் வந்தது. இன்னொன்று போட்டேன். அப்புறம் பொட்டலத்தில் மிஞ்சியதையும் தட்டிவிட்டேன். பயந்தவள் கை எப்போதும் கூடத்தான் அள்ளும்.

பசை வெளிர்நீலமாக, பார்க்க அழகாக வந்தது. "வாயில் வைக்கக் கூடாது" என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். பால் பொங்குகிற வாசனை வர, சமையலறைக்கு ஓடினேன். அடுப்பைத் தணித்து, வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பையன் கத்தினான்.

"அம்மா, இவ பசையைத் திங்கறா!"

வழக்கமான கோள் என்றுதான் முதலில் நினைத்தேன். வந்து பார்த்தால் அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை விலக்கினேன். நாக்கு நீலமாக இருந்தது.

"எவ்வளவுடி தின்னே?"

"கொஞ்சூண்டு. நன்னாவே இல்லை" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தாள். அதுவும் நீலம்.

அவளைத் தூக்கிக்கொண்டு, தெருமுனை வைத்தியசாலைக்கு எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. டாக்டர் ஒரு கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டு போயிருந்தார். கம்பவுண்டர் குழந்தையின் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார். வாந்தி வந்தது நல்லது என்றார். பிறகு என் நெற்றியையும் புடவைக் கட்டையும் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"முட்டை வெள்ளைக்கரு குடுக்கணும்மா. உடனே. அதான் வெசத்தப் புடிச்சி நிறுத்தும். உங்க ஊட்ல..."

எங்கள் தெருவுக்குள் முட்டை வந்ததே இல்லை.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செவ்வாப்பேட்டையிலிருந்து கட்டை விரலுக்குக் கட்டு மாற்ற வந்தவள். "இன்னாமா யோசன பண்ணிக்கினு நிக்கிற?" என்று எழுந்தாள். "புள்ளையப் பாரு, மூஞ்சி வெளுத்துப் போச்சு." என் பதிலுக்குக் காத்திராமல் எதிர் டீக்கடைக்குப் போனாள். மூன்று முட்டையோடு வந்து, கட்டுப்போட்ட கையாலேயே உடைத்து, மஞ்சளைத் தனியே நிறுத்தி, வெள்ளையை மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றினாள். கம்பவுண்டர் அதில் பால் கலந்தார்.

"நீ தொடாதம்மா. நான் ஊட்டறேன். பாவம் வந்தா என் தலைல வரட்டும், அங்க ஏற்கெனவே நெறையக் கீது" என்றாள்.

கம்பவுண்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தப்பைச் செய்த கை என்னுடையது. குழந்தையை மடியில் சாய்த்து நானே புகட்டினேன். கொழகொழவென்று என் விரல்களில் வழிந்தது. அவள் பாதியைக் குடித்தாள், மறுபடி வாந்தி எடுத்தாள், மீதியையும் குடித்தாள். மூன்றாவது வாந்தியில் நீலம் இல்லை.

"பொழுது சாயறதுக்குள்ள பசிக்குதுன்னு கேட்டா பயமில்ல. கேக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரி" என்றார் கம்பவுண்டர். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவள் கட்டு மாற்றிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை தூங்கினாள். தூங்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். என்னால் விட முடியவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் கன்னத்தைத் தட்டி, "என் பேர் என்ன சொல்லு" என்று கேட்டேன். ஒரு தடவை சொன்னாள். அப்புறம் காலால் உதைத்தாள். அந்த உதை எனக்குத் தேவையாக இருந்தது. பையன் பசைக் கிண்ணத்தைக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் கணவர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ன மருந்து கொடுத்தா?"

"முட்டை" என்றேன். "நான்தான் புகட்டினேன்."

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார்.

"எத்தனை?"

"மூணு."

"மூணு போதுமாமா?" என்றார். "கம்பவுண்டரை நன்னா விசாரிச்சியா? வேணும்னா நான் போய்க் கேட்டு வாங்கிண்டு வரேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளே பாயில் புரளும் சத்தம் கேட்டது.

"அம்மா, பசிக்கறது."

எழுந்துபோய்ச் சாதம் பிசைய வேண்டும். நான் எழுவதற்குள் அவரே உள்ளே போய்த் தட்டை எடுத்தார்.