பந்து போடாமலே எடுத்த விக்கெட்

கிரிக்கெட்டைப் பற்றி நல்ல புத்தகமாகச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்குக் குஷி வந்துவிடும். முதலில் சரித்திரம் படியுங்கள், அடுத்து ஆட்டக்காரர்களின் வாழ்க்கை, தகராறுகளைப் பற்றிய புத்தகத்தைக் கடைசியில் தொடுங்கள் என்பேன். நான் தலைகீழாகப் படித்தவன். பன்னிரண்டு வயதில் என் கைக்கு வந்த முதல் கிரிக்கெட் புத்தகமே தகராறு புத்தகம்தான்.

கொண்டுவந்தவர் மானாம்பதியில் இருந்த என் தாய்மாமா. அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தார். காஞ்சிபுரம் லைப்ரரியில் எடுத்து, சைக்கிள் கேரியரில் வைத்து, உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்கு வருவார். புத்தகம் இங்கிலீஷ். அவர் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆளின் உடம்பைக் குறிபார்த்துப் பந்து வீசினார்களாம், அம்பயரோடு மல்லுக்கு நின்றார்களாம். அடேயப்பா!

ஒருநாள் இப்படிச் சொன்னார்: "பந்து போட ஓடியாறான்டா. அதுக்குள்ள பந்து போடற பக்கத்துல நின்னுகினு கீற பேட்ஸ்மேன் கோட்ட வுட்டுத் தாண்டிட்டான். இவன் பந்தே போடல. அங்கியே ஸ்டம்ப தட்டிட்டான். சட்டப்படி அவுட்டு. ஆனா அது நாயமான்னு இன்னிக்கும் அடிச்சிக்கினு கீறானுங்க."

சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த 'ஆனா' என் காதில் ஏறவே இல்லை.

அந்தக் கோடையில் காய்ந்த ஏரிக்குள் எங்களுக்கும் மானாம்பதிக்கும் ஆட்டம். இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு கார்க் பந்து. ஜெயிக்கிற ஊருக்கு அது சொந்தம் என்று பேச்சு. எங்கள் பக்கம் ஆள் குறைந்ததால் என்னையும் சேர்த்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் கை ஓய்ந்துபோக, கடைசி ஓவர் என்னிடம் வந்தது. மானாம்பதிக்கு இன்னும் இரண்டு ரன் வேண்டும், இருப்பதோ கடைசி விக்கெட். நான் பந்து போடும் பக்கத்தில் மட்டையோடு நின்றவர் என் மாமா.

பந்து போட ஓடிவந்தேன். மாமா கோட்டைத் தாண்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. சட்டென்று நின்று, ஸ்டம்பாக நட்டிருந்த சவுக்குக் குச்சியைப் பந்தாலேயே சாய்த்தேன்.

"அவுட்டு!"

"இன்னாடா அழுகுணி ஆட்டம் ஆடற!" என்று மானாம்பதிக்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். எங்கள் ஆட்களே திருதிருவென்று விழித்தார்கள். அம்பயராக நின்ற டிரில் வாத்தியாரும் இப்படியொரு அவுட்டைக் கண்டதில்லை.

"புக்குல கீது சார்! மாமாவ வேணா கேளுங்க!" என்று கத்தினேன்.

வாத்தியார் மாமா பக்கம் திரும்பினார். "இன்னாப்பா, நெசமா?"

"தெரியாதுன்னு சொல்லுடா!" என்று அவருடைய ஆட்கள் பின்னாலிருந்து கூவினார்கள். மாமா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சட்டம் அப்டித்தான் சார் கீது. நான் அவுட்டு." மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை முழுக்கச் சுற்றினார்கள். கையில் கார்க் பந்து. தலைகால் புரியவில்லை எனக்கு.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பெல்லாம் ஊரில் ஆட்டம் இருக்கிறது என்று பாதிப் பக்கத்தில் எழுந்து ஓடிவிடுகிறவர், இப்போது அங்கே ஆட்டம் நடக்கிற நாளிலும் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்து படித்துச் சொன்னார். மாமாவுக்கு ஆட்டத்தைவிடப் புத்தகம்தான் பிடித்துப்போய்விட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சந்தோஷமாகச் சொன்னேன்.